நாலு பிளாஸ்திரி

வயிற்றைக் கிழிப்பீர்களா என்றுதான் முதலில் கேட்டேன்.
ரஹ்மத் நிஷா டாக்டர் பேனா மூடியைக் காட்டினார்.
இந்த அகலம்கூட இருக்காது, நாலு இடம்,
ஒன்று தொப்புளுக்குள்ளேயே மறைந்துவிடும்.

ராமநாதபுரம் பஸ்
பாம்பன் பாலத்தில் ஏறியபோது
கீழே எங்கள் வள்ளங்கள் கிடந்தன.
பௌர்ணமிக்கு ஆறு நாள் பாசி, அமாவாசைக்கு ஆறு நாள் பாசி,
மாதம் பன்னிரண்டு நாள் நனைந்தால்தான் அடுப்பு எரியும்.
அதில் பாதியைக் கல் தின்று மூன்று மாதமாகிறது.

மூச்சைப் பிடித்துப் பிடித்து உறைந்துபோனது என்கிறான் களஞ்சியம்.
டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.
ஸ்கேன் படத்தைத் திருப்பி, பித்தப்பையில் பதினொன்று என்றார்.
கலங்கல் தண்ணீரில் பார்மேல் பாசி தேடும் கண் இது,
அவர் விரல் வைக்கும் முன்பே நான் எண்ணத் தொடங்கியிருந்தேன்.

உள்ளே வாயு நிரப்புவோம்,
வயிறு கூடாரம் மாதிரித் தூக்கிக்கொள்ளும்,
அப்புறம் கேமரா போகும்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
விரலுக்குத் துணி சுற்றி, காலில் தகடு கட்டி,
காற்றை மேலே விட்டுவிட்டு
இருபது வருடமாக முங்குகிறவள் நான்.
இப்போது இன்னொருத்தி எனக்குள் முங்கப் போகிறாள்,
தனக்கு வேண்டிய காற்றை முன்னாலேயே அனுப்பிவிட்டு.

உள்ளே வெளிச்சம் இருக்குமா என்று மட்டும் கேட்டேன்.
விளக்கோடுதான் போவோம் நம்புசெல்வி, என்றார்.
அப்படியென்றால் சரி.

மயக்க ஊசிக்காரர் எண்ணச் சொன்னார்.
நாற்பதுவரை போவேன், பழக்கம் என்றேன்.
ஏழு வரைதான் ஞாபகம்.

விழித்தபோது வலி தோளில் இருந்தது.
வயிற்றில் ஓட்டை போட்டால் வலது தோள் ஏன் கடுக்கிறது?
மிச்சக் காற்று மேலே ஏறி நிற்குது, நடந்தா போயிடும்
என்றாள் நர்ஸ் செபஸ்தியம்மாள்.
வார்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.
என்னை விட்டுப் போக மனமில்லாத காற்று,
கச்சான் ஓய்ந்த பிறகும் ஓலைக்கூரையின் ஒரு மூலையை மட்டும்
ஆட்டிக்கொண்டிருக்குமே, அப்படி.

கற்களை டப்பாவில் போட்டுத் தந்தார்கள்.
மிளகு மிளகாக, ஒன்று மட்டும் புளியங்கொட்டை.
எண்ணினேன். பத்துதான்.
ஒன்று உடைந்திருக்கும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தார்கள்.
சேலையை விலக்கிக் காட்டினால்
முகம் சுருங்குகிறது: இவ்வளவுதானா?
முத்துராக்குக்குப் பழைய காலத்து வெட்டு,
விலாவிலிருந்து சாய்வாக ஒரு சாண்.
அவளுக்கு மூன்று மாதம் வீடு தேடிக் குழம்பு வந்தது.
எனக்கு நாலு பிளாஸ்திரி.
எட்டாம் நாள் வள்ளக்காரர் வாசலில் நின்று கேட்டார்,
நாலு கொசுக்கடிக்கு எத்தனை நாள் லீவு?

டாக்டர் சீட்டை நீட்டினேன்.
உப்புத்தண்ணீர் கூடாது, பாரம் கூடாது, ஆறு வாரம்.
ஈரச் சாக்கு ஒன்று என்ன எடை என்று
அவருக்குத் தெரியும். சீட்டை மடித்துத் திருப்பித் தந்தார்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
நாங்கள் கைகொண்ட மட்டும் பிய்த்துவிட்டு ஏறி வருவோம்,
வள்ளத்திலிருந்து எட்டிப் பார்த்தால்
கடல்மேல் ஒரு கீறல் இருக்காது.
கீழே பாறைக்குத் தெரியும்.

அமாவாசைக்கு எல்லோரும் போய்விட்டார்கள்.
தெருவில் நானும் கோழிகளும்.
முரல் மீன் இரண்டு துண்டு, பயந்து பயந்துதான், எண்ணெயில் பொரித்தேன்.
ஒன்றைத் தின்றுவிட்டு
விலாவுக்குக் கீழே கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்,
வழக்கமாக அது வரும் நேரம் வரைக்கும்.
பாலத்தில் ரயில் போய் முடிந்தது.
வரவில்லை.

இரண்டாவது துண்டு ஆறிப்போயிருந்தது.
அப்படியே எடுத்துத் தின்றேன்.